விளிம்புகளின் கணக்கு

கடலைக் கணினிக்குள் கொண்டுபோக வேண்டுமென்றால் முதலில் அதைக் கட்டம் கட்டமாக வெட்ட வேண்டும். வங்காள விரிகுடா முழுவதையும் கணக்கில் எடுக்கிற சுனாமி ஆய்வுகளுக்குப் பல ஆண்டுகள் கைகொடுத்த ஆழ வரைபடம் ஒன்று உண்டு. அதில் ஒரு கட்டத்தின் பக்கம் சுமார் 3.7 கிலோமீட்டர். ஒரு கட்டத்துக்கு ஓர் எண்தான். எண் மைனஸ் என்றால் கடல், பிளஸ் என்றால் நிலம். அந்தமானின் போர்ட் பிளேரில் உள்ள ஜங்லிகாட் அந்த வரைபடத்தில் கிடையாது. படகுகள் அணையும் துறை, மீன் இறங்கும் தளம், மேட்டில் ஏறிப்போகும் வீடுகள், ஊருக்குள் வளைந்து வரும் குடா எல்லாம் ஒரே கட்டத்துக்குள் விழுந்து ஓர் எண்ணாகச் சராசரியாகிவிடும். போர்ட் பிளேர் நகரமே அங்கே சில கட்டங்களில் முடிந்துபோகும். 2024 செப்டம்பரில் அந்த நகரத்துக்கு ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாறியது. வாய்ப்பழக்கத்தை ஒட்டி நான் பழைய பெயரையே எழுதுகிறேன்.

கட்டம் பெரிதாக இருந்தது அன்றைய கணினியின் குறை மட்டும் என்றால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. இப்போது யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய உலகக் கடல் வரைபடத்தில் கட்டம் 460 மீட்டர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஆனால் அந்தக் கட்டங்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது யாரும் போய் அளந்த ஆழம் கிடையாது. செயற்கைக்கோள் காட்டும் நீர்மட்ட மேடுபள்ளங்களிலிருந்து ஈர்ப்புவிசையைக் கணித்து, அதிலிருந்து தரையை ஊகித்து நிரப்பியவை அவை. உலகக் கடற்தரையில் ஏறத்தாழ முக்கால் பங்கு இன்னும் நேரடியாக அளக்கப்படவில்லை. கட்டத்தைப் பொடியாக நறுக்கினால் ஊகமும் பொடியாக நறுக்கப்படும், அவ்வளவுதான்.

நீரோட்டத்தை ஆளும் சமன்பாடுகள் பழையவை. நேவியர் 1822-இலும் ஸ்டோக்ஸ் 1845-இலும் எழுதிவிட்டார்கள். சுனாமிக்கு அவற்றை முழுதாகத் தீர்க்கவும் வேண்டியதில்லை. அலையின் நீளம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர், கடலின் ஆழமோ நான்கு கிலோமீட்டர். அந்த அலைக்குப் பெருங்கடலும் ஆழமற்ற நீர்தான். அப்போது வேகத்தைத் தீர்மானிப்பது ஆழம் ஒன்றே: ஆழத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் போதும். 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல் வரும். 10 மீட்டர் ஆழத்தில் 36 கிலோமீட்டர்தான். பத்தாம் வகுப்பு மாணவர் போடக்கூடிய கணக்கு இது. நீர் எங்கே முடிகிறது, அதன் தரை எப்படி இருக்கிறது, அது எந்த நொடியில் எப்படி உதைக்கப்பட்டது என்ற மூன்றும்தான் கடினம். கணிதக்காரர்கள் இவற்றைத் தொடக்க நிபந்தனை, எல்லை நிபந்தனை என்பார்கள். பாடப்புத்தகத்தில் சமன்பாட்டுக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கும். எல்லை நிபந்தனை அதன் கடைசிப் பத்தியில் ஒடுங்கிக் கிடக்கும். தீவில் இருப்பவருக்கு இந்த முன்னுரிமை தலைகீழாகத்தான் தெரியும். தீவு என்பதே எல்லைதானே.

2004 டிசம்பர் 26 காலை 6:29 மணிக்குச் சுமத்ராவின் வடமேற்கே தொடங்கிய பிளவு, வடக்கு நோக்கிச் சுமார் 1,300 கிலோமீட்டர் ஓடி அந்தமானின் வடக்குப் பகுதி வரை வந்தது. அதற்குச் சில நிமிடங்கள்தான் பிடித்தன. பசிபிக் எச்சரிக்கை மையம் கால் மணி நேரத்தில் விட்ட முதல் அறிக்கையில் அளவு 8.0 என்றிருந்தது. ஒரு மணி நேரம் கழித்து 8.5. இன்று நாம் 9.1 என்று எழுதுகிறோம். 8.0-க்கும் 9.1-க்கும் இடையே ஆற்றலில் ஏறத்தாழ 45 மடங்கு வித்தியாசம். அன்று காலை உலகத்தின் மிகச் சிறந்த சுனாமி மென்பொருளை ஓட்டியிருந்தாலும் அது தவறான நடுக்கத்துக்குச் சரியான விடையைத்தான் தந்திருக்கும்.

பூமி பிளந்தபோது கடலின் கிண்ணமும் வளைந்தது. வட அந்தமானில் கரை மேலெழும்பிப் பவளப்பாறைகள் வெளியே வந்து காய்ந்தன. தென் அந்தமான் ஏறத்தாழ ஒரு மீட்டர் கீழே போனது. போர்ட் பிளேரை ஒட்டிய சிப்பிகாட்டில் நெல் விளைந்த வயல்களுக்குள் உப்புநீர் புகுந்து அங்கேயே தங்கிவிட்டது. பிளவு எந்த இடத்தைத் தூக்கும், எதைத் தாழ்த்தும் என்று கணிக்க ஜப்பானின் ஒகாடா 1985-இல் தந்த சூத்திரங்களைத்தான் இன்றும் மாதிரிகள் பயன்படுத்துகின்றன. பிளவின் நீளம், அகலம், சாய்வு, சறுக்கிய தூரம் ஆகியவற்றைக் கொடுத்தால் கடற்தரையின் புதிய வடிவம் கிடைக்கும். ஆனால் அந்த நான்கையும் கொடுப்பது யார்? நிலநடுக்க அலைகளிலிருந்து சில நிமிடங்களில் ஊகித்தவை அவை. கடலின் மேல் விளிம்பும் ஊகம், கீழ் விளிம்பும் ஊகம், இடையில் பிழையற்ற சமன்பாடு.

ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம் 2007 அக்டோபரில் சுனாமி எச்சரிக்கைப் பணியைத் தொடங்கியபோது இந்தச் சிக்கலைச் சமாளித்த விதம் எனக்குப் பிடிக்கும். நடுக்கம் வந்த பிறகு கணக்குப் போட உட்கார்ந்தால் நேரம் போதாது. எனவே பிளவு நேரக்கூடிய இடங்களில் எல்லாம் கற்பனை நடுக்கங்களை வைத்து, ஆயிரக்கணக்கான சுனாமிகளை ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தில் உருவான டுனாமி-என்2 மாதிரியில் முன்கூட்டியே ஓட்டி, விடைகளை அடுக்கிவைத்துக்கொண்டார்கள். கேள்வித்தாள் வருமுன் எல்லாக் கேள்விகளுக்கும் விடை எழுதிவைத்துக்கொண்ட மாணவரைப் போல, நடுக்கம் வந்ததும் அதற்கு நெருக்கமான விடையை உருவி எடுத்தால் போதும்.

அந்த விடை கரை வரை வருவதில்லை. சுமார் 30 மீட்டர் ஆழத்தில் நிற்கும் முன்னறிவிப்புப் புள்ளிகளோடு நின்றுவிடும். அங்கிருந்து கரைக்கு வர ஒரு பழைய விதியைப் பிடித்துக்கொள்கிறார்கள்: ஆழம் குறையும்போது அலை உயரம் ஆழ விகிதத்தின் நான்காம் மூலத்தில் கூடும். 30 மீட்டரிலிருந்து 1 மீட்டருக்கு வந்தால் உயரம் 2.3 மடங்கு. இதை எழுதியவர் ஜார்ஜ் கிரீன். நாட்டிங்ஹாமில் மாவு ஆலை நடத்திய குடும்பத்துக்காரர். பள்ளிக்கூடத்தில் ஓரிரு ஆண்டுகளே கழித்தவர். நீர்வழி மெல்ல மெல்ல ஆழம் குறைந்துவரும் ஒரு கால்வாய் என்று வைத்துக்கொண்டுதான் 1830-களில் அவர் கணக்குப் போட்டார். ஜங்லிகாட் குடா அப்படி நடந்துகொள்ள வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. குடாவுக்குள் வந்த நீர் எதிர்க்கரையில் மோதித் திரும்பும்; திரும்பிய அலையும் புதிதாக வரும் அலையும் சேர்ந்தால் உயரம் கூடும், முரண்பட்டால் குறையும். துறைமுகத்தின் உட்புறம் எந்த இடைவெளியில் ஆடப் பழகியிருக்கிறதோ அதே இடைவெளியில் அலைகள் வந்தால் முதல் அலையைவிட மூன்றாவது பெரிதாக இருக்கும். 2.3 என்ற பெருக்கெண்ணுக்கு இது எதுவும் தெரியாது.

சென்னைக்காரருக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் ஆழ்கடலில் கிடக்கும் அழுத்தமானி சொல்லிவிடும், சுனாமி உண்டா இல்லையா என்று. ஒரு மணி நேரத்துக்குள் அலை தொட்டுவிடக்கூடிய கரைகளுக்கு அந்த உறுதிப்பாட்டுக்குக் காத்திருக்க முடியாது. நடுக்கத்தின் அளவையும் ஆழத்தையும் மட்டும் வைத்து எச்சரிக்கை விடுவதுதான் விதி. அந்தமான் முழுவதும் இந்த இரண்டாவது வகை. அதாவது, மாதிரி எங்கே மிகவும் தேவைப்படுகிறதோ அங்கேதான் அதைச் சரிபார்க்க நேரமே கிடைப்பதில்லை.

இனி 1881-க்குப் போக வேண்டும். எனக்கு இந்தக் கதையில் மிகவும் சுவையான பகுதி அதுதான்.

அந்தக் காலத்தில் கடலைக் கணிக்க இன்னொரு வழி இருந்தது. அதற்குக் கடற்தரையின் வடிவம் தேவையில்லை, சமன்பாட்டைக் கட்டத்தில் தீர்க்க வேண்டியதுமில்லை. துறைமுகத்தில் ஓர் ஓதமானியை வைப்பார்கள். கிணறு போன்ற குழாய்க்குள் மிதவை ஒன்று ஏறி இறங்கும்; அதோடு இணைந்த பேனா கடிகாரம் சுழற்றும் காகித உருளையில் கடல்மட்டத்தை வரைந்துகொண்டே போகும். ஓராண்டுக் கோட்டைப் பிரித்தால் நிலவின் தாளம், கதிரவனின் தாளம், இரண்டும் பின்னிய உபதாளங்கள் என்று தனித்தனியாகக் கழன்று வரும். பிறகு அந்தத் தாளங்களைத் திரும்பக் கூட்டினால் அடுத்த ஆண்டின் ஓதம் கிடைத்துவிடும். கூட்டுவதற்குக் கெல்வின் பிரபு பல்சக்கரமும் கப்பியும் கொண்ட இயந்திரம் ஒன்றை 1870-களில் செய்துகாட்டினார். இந்தியத் துறைமுகங்களுக்கென்றே எட்வர்ட் ராபர்ட்ஸ் வடிவமைத்த இன்னொன்று 1879-இல் லண்டனில் தயாரானது. ஒரு தாளத்துக்கு ஒரு சக்கரம். எல்லாச் சக்கரங்களையும் இழுத்துக் கட்டிய ஒரே கம்பியின் முனையில் பேனா. மின்சாரமில்லாத அந்த இயந்திரத்தைக் கணினி என்று அழைக்க எனக்குத் தயக்கமில்லை. வங்காள விரிகுடாவின் நீரை முன்கூட்டியே ஓட்டிப் பார்த்த முதல் சிமுலேஷன் அதுவே.

விளிம்பில் காதை வைத்துக் கேட்டே உள்ளே நடப்பதைச் சொல்லிவிடும் முறை இது. 1881 டிசம்பர் 31 அன்று காலை கார் நிக்கோபார் அருகே பூமி அசைந்தபோது போர்ட் பிளேர், நாகப்பட்டினம், சென்னை உள்ளிட்ட எட்டு இடங்களின் ஓதமானிகள் வழக்கம்போல வரைந்துகொண்டிருந்தன. ஓதத்தின் சீரான வளைவின் மேல் அன்று பொடிப்பொடியான பற்கள் முளைத்தன. மிக உயரமான முகடு 0.8 மீட்டர். நிலஅளவைத் துறையின் மேஜர் ரோஜர்ஸ் அந்தக் கோடுகளைச் சேகரித்து 1883-இல் ஒரு குறிப்பாக அச்சிட்டார். நடுக்கம் எங்கே என்று சுற்றுவட்டமாகச் சொல்வதற்கு மேல் அன்று அவற்றை வைத்து எதுவும் செய்ய முடியாது. அன்று பயன்படுத்த முடியாததை அச்சிட்டு வைத்தாரே, அது பெரிய காரியம்.

120 ஆண்டுகள் கழித்து மெக்சிகோவின் மொதெஸ்தோ ஒர்த்திஸும் கொலராடோவின் ரோஜர் பில்ஹமும் அந்தக் கோடுகளை எடுத்துக் கணினியில் பின்னோக்கி ஓட்டினார்கள். எந்த அளவிலான பிளவை எங்கே வைத்தால் எட்டுத் துறைமுகங்களிலும் இதே நேரத்தில், இதே உயரத்தில் பற்கள் முளைக்கும்? விடை: அளவு 7.9. அந்த ஆய்வு வெளியான ஆண்டு 2003. அடுத்த ஆண்டு டிசம்பரில் அதே பிளவுக்கோட்டில் 9.1 வந்தது.

இதைப் படித்துவிட்டு மாதிரி தோற்றுவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1881-இல் நடந்ததை அது சரியாகச் சொன்னது. அந்தத் தீவுவரிசையில் எழுதப்பட்ட நினைவு குட்டையாக இருந்ததற்கும், அதற்குள் 8-ஐத் தாண்டிய நடுக்கம் இல்லாததற்கும் மென்பொருள் என்ன செய்யும்? காலத்துக்கும் ஒரு விளிம்பு உண்டு. நம்மிடம் உள்ள பதிவு எங்கே தொடங்குகிறதோ அதுதான் அந்த விளிம்பு.

ஆழ்கடல் அழுத்தமானி என்று மேலே எழுதினேன். சென்னையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் பராமரிக்கும் கருவிகள் அவற்றில் உண்டு. கடற்தரையில் கிடக்கும் உணரி மேலே இருக்கும் நீரின் எடையை அளந்து, ஒலியாக மிதவைக்கு அனுப்பும். மிதவை செயற்கைக்கோளுக்கு அனுப்பும். இதெல்லாம் ஓடுவது பாட்டரியில். பாட்டரி தீருமுன் ஒரு கப்பல் கிளம்பிப் போய் அதை மாற்றியாக வேண்டும். அலையைக் கணிக்கும் ஏற்பாடு முழுவதும் ஒரு பாட்டரியின் ஆயுளைக் கணிப்பதில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

தீவில் பாட்டரி கருவிகளோடு நிற்பதில்லை. பெருநிலத்திலிருந்து அந்தமானுக்கு மின்கம்பி கிடையாது. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடியில் 2,300 கிலோமீட்டர் இழுத்து முடித்த கண்ணாடியிழை கொண்டுவந்தது இணையத்தை. விளக்கெரிய இன்னமும் பெரிதும் கப்பலில் வந்திறங்கும் டீசல்தான். அதைக் குறைக்க நம் நெய்வேலிக்காரர்களான என்எல்சி இந்தியா, தென் அந்தமானில் டாலிகஞ்ச், அட்டம்பஹாட் பகுதிகளில் 20 மெகாவாட் சூரிய மின்நிலையமும் அதோடு 8 மெகாவாட்-மணி லித்தியம் பாட்டரியும் நிறுவினார்கள். பழுப்பு நிலக்கரி வெட்டிய கைகள் தீவில் வெயிலை அறுவடை செய்வதில் ஓர் அழகு இருக்கிறது. 8-ஐ 20-ஆல் வகுத்துப் பாருங்கள்: முழு நிலையமும் தரும் மின்சாரத்தை அந்தப் பாட்டரி 24 நிமிடம் தாங்கும். இரவைக் கடக்க அது வைக்கப்படவில்லை. வைத்தது மேகத்துக்காக. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்யும் ஊரில் ஒரு கருமேகம் தகடுகளின் மேல் வந்ததும் உற்பத்தி சில நொடிகளில் சரியும். டீசல் இயந்திரம் சுதாரிப்பதற்குள் மின் அதிர்வெண் விழுந்துவிடாமல் பிடித்துக்கொள்வதுதான் அதன் வேலை.

பாட்டரிக்குள் நடப்பதும் ஒருவகை ஓட்டம்தான். கிராஃபைட் துகளுக்குள் ஒளிந்திருக்கும் லித்தியம் வெளியே வந்து, மின்பகுளித் திரவத்தை நீந்திக் கடந்து, எதிர் மின்முனையின் துகளுக்குள் புகுகிறது. செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பொருள் பரவும் விதியை 1855-இலேயே ஃபிக் எழுதிவிட்டார்; அவர் உடலியல் மருத்துவர். 1993-இல் பெர்க்லியில் டாய்ல், ஃபுல்லர், நியூமன் மூவரும் மின்முனையைத் துளைகள் நிறைந்த கடற்பஞ்சாகவும் அதன் துகள்களைச் சின்னஞ்சிறு உருண்டைகளாகவும் வைத்துக் கட்டிய மாதிரிதான் இன்றைய பாட்டரி சிமுலேஷன்கள் பெரும்பாலானவற்றின் மூதாதை. அதை முழுதாகத் தீர்ப்பது பாட்டரியோடு சேர்ந்து ஓட வேண்டிய கட்டுப்பாட்டுக் கருவிக்குப் பாரம்.

இங்கே காரைக்குடி வருகிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 பொங்கலன்று திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் பி.டெக். படித்து 1997-இல் வெளிவந்தவர் வெங்கட் சுப்பிரமணியன். பின்னர் அமெரிக்காவில் பேராசிரியராகி, நியூமன் வழி மாதிரிகளைப் பலமடங்கு வேகமாகத் தீர்க்கும் கணித உத்திகளால் அந்தத் துறையில் பெயர் பெற்றார். அவற்றில் ஒன்று எளிமையானது. உருண்டைத் துகளுக்குள் மையத்திலிருந்து மேற்பரப்பு வரை லித்தியம் எப்படிப் பரவியிருக்கிறது என்று ஒவ்வொரு புள்ளியாகக் கணக்கிடாமல், அதை ஒரு சிறு பல்லுறுப்புக்கோவையாக வைத்துக்கொள்வது. சராசரிச் செறிவும் மேற்பரப்புச் செறிவும் சரியாக இருந்தால் போதும், உள்ளே கொஞ்சம் பிசகினாலும் பரவாயில்லை. வெளியே நாம் அளக்கும் மின்னழுத்தத்தைத் தீர்மானிப்பது துகளின் தோல்தான்.

மூப்பும் தோலில்தான். பாட்டரியை முதன்முதலில் சார்ஜ் செய்யும்போதே கிராஃபைட்டின் மேல் மின்பகுளி சிதைந்து ஒரு படலம் படிகிறது. தடிமன் சில பத்து நானோமீட்டர். அது இல்லாவிட்டால் பாட்டரி நிலைக்காது. இருப்பதால் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் லித்தியத்தை விழுங்கிக் கனக்கிறது. படலத்தை ஊடுருவித்தான் மேலும் படலம் வளர வேண்டும் என்பதால் வளர்ச்சி காலத்தின் வர்க்கமூலத்தில் போகும் என்று ஒரு வகை மாதிரிகள் சொல்கின்றன. வெப்பம் கூடினால் எல்லாமே விரைவுபடும். ஆண்டு முழுவதும் பகலில் 30 டிகிரியை ஒட்டியே நிற்கும் போர்ட் பிளேரில் பாட்டரிகளை வெறும் கொட்டகையில் வைக்க முடியாது. குளிரூட்டிய கன்டெய்னருக்குள்தான் வைக்க வேண்டும். அப்போது நீரோட்டக் கணக்கு காற்றோட்டக் கணக்காகத் திரும்பி வருகிறது: குளிர்காற்று எந்த அடுக்கின் இடுக்கில் புகும், எந்த மூலையில் தேங்கும்? தொடராக இணைத்த செல்களில் மிகவும் நலிந்தது தீர்ந்ததும் வரிசையே நின்றுவிடும் என்பதால் சராசரி வெப்பநிலை எவ்வளவு என்று கேட்டுப் பயனில்லை. சுவரோரம் இருக்கும் செல்லின் வெப்பநிலையைத்தான் கேட்க வேண்டும். அந்தச் சுவரோரத்தில் காற்று எப்படி உரசி மெதுவாகிறது என்பது திரவ இயக்கவியலில் இன்றும் தோராயங்களை நம்பி நடக்கும் பகுதி. உப்புக்காற்று வடிகட்டியை அடைப்பதும், இணைப்புத் தகட்டை அரிப்பதும் அந்தத் தோராயத்திலும் வராது.

இதற்கெல்லாம் பெருங்கணினி வேண்டும் என்ற காலம் போய்விட்டது. பாட்டரிக்குப் பைபாம், நீருக்கும் காற்றுக்கும் ஓப்பன்ஃபோம் என்று இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. ஒரு செல்லின் பல மாத வாழ்க்கையைச் சாதாரண மடிக்கணினி தேநீர் ஆறுவதற்குள் ஓட்டிக் காட்டிவிடும். வண்ணக் கோடுகள் திரையில் வழுவழுப்பாக வந்து விழும்போது அவற்றை நம்பத் தோன்றும், எனக்கும் தோன்றியிருக்கிறது. அந்தக் கோட்டுக்குப் பின்னால் இருக்கும் படல வளர்ச்சி எண் வேறொரு நாட்டு ஆய்வகத்தில், 25 டிகிரி அறையில், உப்பு வாசனையே இல்லாத காற்றில் அளந்ததாக இருக்கும்.

ஆகவே தீவுக்கு இன்று வேண்டியவை ரோஜர்ஸ் செய்ததைப் போன்ற சலிப்பான வேலைகள் என்று நினைக்கிறேன். ஜங்லிகாட்டிலிருந்து கிளம்பும் விசைப்படகில் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர் இருந்தால், அது குடாவிலும் குடாவின் வாயிலும் போகும்போதும் வரும்போதும் ஆழத்தை அளக்கிறது. கருவியை அணைத்ததும் அந்த எண்கள் போய்விடுகின்றன. ஜிபிஎஸ் இடக்குறிப்போடும் நேரத்தோடும் அவற்றைச் சேர்த்துவைத்து, அந்த நேரத்து ஓதத்தைக் கழித்துவிட்டால் ஓராண்டில் எந்தச் செயற்கைக்கோளும் தராத ஆழ வரைபடம் கிடைக்கும். அது குடாவின் படகுக்காரர்களுக்குச் சேறு தட்டும் இடத்தைக் காட்டும், சுனாமி மாதிரிக்கு 2.3-ஐவிட நல்ல எண்ணைத் தரும். பெரும் பாட்டரி நிலையங்களின் கண்காணிப்புக் கருவிகளும் அப்படித்தான்: ஒவ்வொரு தொகுதியின் மின்னழுத்தத்தையும் வெப்பத்தையும் ஓயாமல் பதிகின்றன, ஒப்பந்தக் காலம் முடிந்ததும் அந்தப் பதிவு யாருடைய வட்டிலோ உறங்கும். ஈரமும் உப்பும் நிறைந்த தீவில் லித்தியம் பாட்டரி எப்படி மூப்படைகிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்று எந்த ஆய்வகத்திலும் கிடைக்காது. பொதுப்பணத்தில் வாங்கிய பாட்டரிகளின் பதிவு பொதுவில் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். காரைக்குடியிலோ டாலிகஞ்சிலோ இன்னும் பள்ளிக்கூடம் போகாத ஒரு பெண் அதை எடுத்து, நாம் இன்று கேட்கத் தெரியாத ஒரு கேள்வியைப் பின்னோக்கி ஓட்டிப் பார்க்கட்டும்.